மேடையேறிய பறை



1975-இல் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் ஜார்ஜ் கிளிண்டனின் 'பார்லிமெண்ட்' குழு, 'மதர்ஷிப் கனெக்‌ஷன்' என்னும் ஃபங்க் இசைத்தட்டை வெளியிட்டது. கறுப்பர் விண்கலத்தில் வருவதாகக் கற்பனை. எவரும் எதிர்பாராத இடத்தில் தம் மக்களை நிறுத்திக் காட்டினர் அவர்கள்.

2018 சனவரி 6 அன்று, சென்னைக் கீழ்ப்பாக்கத்தில், பா. இரஞ்சித் முன்னின்று உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவும் அதையே செய்தது. அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்னும் கருத்தைப் பெயராகக் கொண்ட அக்குழுவில், பறை கித்தாருக்குச் சமமாக ஒலித்தது.

சாவுக்குப் பறையடித்தலை ஊர்க்கடமையென நம்மவர்மீது சுமத்தினர். அதனை மறுத்தது மானம். அதற்காக இசையையும் இழக்கலாமோ? கட்டாயத்தை எறிவோம், தாளத்தைக் கற்போம். எங்கே, எதற்காக முழக்குவது என்பதை இனி நாமே முடிவு செய்வோம்.