கார் பார்க்கப் போகேக்க ஆரைக் கூட்டிக்கொண்டு போறது?

(சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை. புத்தாண்டு மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



நான் மேடைப் பேச்சாளன் இல்லை. ஊரில் ஏ.எல். வரைக்கும் படித்தேன். 2009இல் சோதினை எழுதினேன். அதற்குப் பிறகு படிக்கிற காலமாக அது இருக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். 2012இல் கடல் வழியாக இந்த நாட்டுக்கு வந்தேன். இப்போது டண்டினோங் பக்கம் ஒரு பக்டறியில் வேலை. பிழையாக ஏதும் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

யூனிவேர்சிற்றியில் படிக்கிற எங்கள் சங்கத்துத் தம்பிமார் இரண்டு பேர் போன மாதம் என்னிடம் வந்தார்கள். "அண்ணை, பழைய கார் வாங்க வாற ஆக்களுக்கு அதைப் பார்த்து, மதிப்புச் சொல்லுற ஒரு கொம்பனி தொடங்கப் போறம். உங்களுக்குக் கார் அனுபவம் இருக்கு, இளைஞர் கூட்டத்தில வந்து கதையுங்கோ" என்று கேட்டார்கள். அனுபவம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது பெருமைப்படுகிற அனுபவம் இல்லை. அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் இந்தத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம். பழைய காருக்கு விலை சொல்வது புது விஷயம் இல்லை. அவுஸ்திரேலியாவில் ரெட் புக் என்ற விலைப் புத்தகத்தைக் கார் வியாபாரிகளும் இன்சூரன்ஸ்காரரும் கனகாலமாகப் பாவிக்கிறார்கள். 1997இல் இதே மெல்பேர்ணில் கார்சேல்ஸ் தொடங்கியது. பேப்பர் விளம்பரத்தைக் கைவிட்டுச் சனம் கொம்பியூட்டரில் கார் தேட வெளிக்கிட்டது. இந்தியாவில் ட்ரூம் என்ற கொம்பனி 2016இல் "ஒறேஞ் புக்" என்று ஒரு விலைக் கணிப்பைக் கொண்டுவந்தது. காரின் பெயர், ஆண்டு, ஓடின கிலோமீற்றர் இவற்றைக் கொடுத்தால் சில விநாடியில் விலை சொல்லும். டெல்லிக்குப் பக்கத்துக் குர்கானில் 2015இல் தொடங்கின கார்ஸ்24, காரைச் சோதித்துப் படம் எடுத்து வியாபாரிகளிடம் ஏலம் விட்டு வளர்ந்தது. 2021இல் அது அவுஸ்திரேலியாவுக்கும் வந்தது.

இவ்வளவு கொம்பனிகள் ஏன்? இதற்கு ஒரு அமெரிக்கப் பொருளியலாளர் விளக்கம் சொல்லியிருக்கிறார். ஜோர்ஜ் அக்கர்லொவ் என்று பெயர். 1970இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வேறு சஞ்சிகைகள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பின கட்டுரை அது. 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் சொன்னதை நான் விளங்கிக்கொண்டபடி சொல்கிறேன். காரில் என்ன பழுது என்று விற்கிறவனுக்குத் தெரியும், வாங்கிறவனுக்குத் தெரியாது. வாங்கிறவன் பயத்தில் குறைத்துக் கேட்பான். குறைந்த விலைக்கு நல்ல கார் வைத்திருக்கிறவன் விற்க மாட்டான். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது பழுதான கார்கள்தான். அந்தப் பழுதான காருக்கு இங்கிலிசில் தேசிக்காய் என்று பெயர். நாங்கள் கார் வாங்கினால் காரம் டவுண்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்குக் கொண்டுபோய், ரயருக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசுக்கிறோம். சில நேரம் நசுக்கிற தேசிக்காயை விட நாங்கள் ஓட்டுகிற தேசிக்காய் பெரிசாக இருக்கும்.

சிரிக்கிறீர்கள். இனிச் சொல்லப் போவதற்குச் சிரிக்க மாட்டீர்கள்.

2023 பெப்ரவரியில் அரசாங்கம் தற்காலிகப் பாதுகாப்பு வீசாவில் இருந்தவர்களுக்கு நிரந்தர வீசாவுக்கு வழி திறந்தது. பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்த எங்களுக்கு அது பெரிய செய்தி. ஊரில் ஒரே கொலிஜ்ஜில் படித்த ஆறு பேர் இங்கே இருக்கிறோம். எங்களில் நாலு பேருக்கு அந்த வழி கிடைத்தது. ஒருவன் ஸ்பொன்சரில் வந்தவன், அவனுக்குப் பிரச்சினை இல்லை. மற்றவன் இன்னும் பிறிட்ஜிங் வீசாவில்தான் இருக்கிறான். அவனை இந்த உரையில் "நண்பன்" என்று மட்டும் சொல்கிறேன். "சந்தோசத்துக்கு எங்கேயாவது போவோம்" என்று முதலில் சொன்னவனும் அவன்தான்.

மார்ச் மாதம் தொழிலாளர் தின நீண்ட விடுமுறை. இரண்டு கார், பிள்ளைகளோடு சேர்த்துப் பத்துப் பேர். விடியக் காலமை ஸ்பிரிங்வேலில் இருந்து வெளிக்கிட்டோம். கட்டின சோறு, மிளகாய்ப்பொரியல், சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி எல்லாம் இருந்தது. கிறேற் ஓஷன் றோட்டின் நினைவு வளைவில் இறங்கிப் படம் எடுத்தோம். அந்தத் தெருவை 1919 முதல் 1932 வரை, முதலாம் உலகப் போரில் இருந்து திரும்பி வந்த ஏறக்குறைய 3,000 படைவீரர்கள் பிக்காசாலும் சவளாலும் வெட்டினார்கள். திரும்பி வராத தங்கள் தோழர்களின் நினைவாக வெட்டினார்கள். போரில் தப்பினவர்கள் வெட்டின தெருவில், போரில் தப்பின நாங்கள் நின்றோம். கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை.

அப்பலோ பே தாண்டினால் தெரு கடலை விட்டுக் காட்டுக்குள் ஏறும். லேவர்ஸ் ஹில் வரை நல்ல ஏற்றம், வளைவுக்கு மேல் வளைவு. நண்பன் ஓட்டின கார் முன்னுக்குப் போனது. அதில் ஐந்து பேர், ஏசி போட்டிருந்தது. திடீரென்று முன் பொனற்றில் இருந்து வெள்ளைப் புகை. பின்னுக்குப் போன எனக்கு நெஞ்சு இடித்தது. ஏனென்றால் அந்தக் காரை எனக்குத் தெரியும். அது என்னுடைய கார்.

2022இல் அதை நண்பனுக்கு விற்றவன் நான். 2007ஆம் ஆண்டுக் கார், இரண்டு லட்சம் கிலோமீற்றருக்கு மேல் ஓடினது. கொரோனாவுக்குப் பிறகு புதுக் கார் வரத்துக் குறைந்து பழைய காருக்கு விலை ஏறியிருந்த நேரம். 6,000 டொலர் பெறும் என்று இணையத்தில் விலை பார்த்தேன். நண்பன் என்பதால் 500 குறைத்து 5,500க்குக் கொடுத்தேன். றோட்வேதி சேட்டிபிக்கற்றும் எடுத்துக் கொடுத்தேன். கள்ளச் சேட்டிபிக்கற் இல்லை, முறையாக எடுத்தது.

ஒன்று மட்டும் சொல்லவில்லை. அந்தக் காருக்கு இரண்டு கிழமைக்கு ஒருக்கால் றேடியேற்றருக்குத் தண்ணி விட வேண்டியிருந்தது. எங்கேயோ குறைந்துகொண்டு போனது. நான் ஸ்பிரிங்வேலுக்கும் டண்டினோங்குக்கும் இடையில்தான் ஓடினேன், கால் மணித்தியாலப் பயணம். அதனால் ஒன்றும் நடக்கவில்லை. "சின்ன விஷயம்தானே" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அவன் வாங்காமல் விட்டுவிடுவான் என்ற பயம்.

நல்ல காலம், ஒருத்தருக்கும் காயம் இல்லை. ஒரு வளைவுக்கு முன்னால் ஒதுக்கி நிறுத்தினான். பிள்ளைகளை இறக்கிக் கரைப் புல்லில் இருத்தினோம். ரெலிபோன் சிக்னல் இல்லை. ஒரு வயதான வெள்ளைக்காரர் யூற்றில் வந்தவர் நிறுத்தினார். "மூடியைத் திறக்காதே, கொதித்தண்ணி முகத்தில் அடிக்கும்" என்று முதலில் அதைத்தான் சொன்னார். தான் போய்ச் சிக்னல் இருக்கிற இடத்தில் இருந்து இழுவை வண்டிக்கு அடித்தார். மூன்று மணித்தியாலம் தெருக்கரையில் இருந்தோம். கட்டின சோற்றை அங்கேதான் சாப்பிட்டோம். பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகளை அன்றைக்கு ஒருத்தரும் காணவில்லை.

எஞ்சின் ஹெட் காஸ்கற் போய்விட்டது. திருத்த 3,000 டொலர் கேட்டார்கள். கார் அந்த விலை இல்லை, உடைப்புக்குத்தான் போனது. அவன் ஏஜென்சி மூலம் கஷுவல் வேலை செய்தவன். விடிய ஆறு மணிச் சிவ்ற். அவன் வீட்டில் இருந்து அந்த நேரத்துக்குப் பஸ் இல்லை. இரண்டு நாள் பிந்திப் போனான், மூன்றாம் நாள் ஏஜென்சி கூப்பிடவில்லை. அடுத்த வேலை கிடைக்க ஐந்து கிழமை சென்றது. பிறிட்ஜிங் வீசாக்காரனுக்கு ஐந்து கிழமை வேலை இல்லாமல் இருப்பது என்னவென்று இந்த மண்டபத்தில் இருக்கிற பலருக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஒரு நாள் இரவு அவன் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். கனநேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்: "மச்சான், நீ எனக்கு 500 டொலர் குறைச்சுத் தந்தாய். அந்த 500ஐ நீயே வைச்சிருந்திருக்கலாம். தண்ணி குறையுது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தாக் காணும்."

காசை வேண்டாம் என்றான். நான் விடவில்லை. பத்து மாதத்தில் மாதம் 300 படி 3,000 கொடுத்து முடித்தேன். இப்போதும் நண்பர்தான். ஆனால் முந்தி மாதிரியா என்று கேட்டால், அதற்கு அவன்தான் பதில் சொல்ல வேண்டும். இந்த உரையைப் பேச அவனிடம் அனுமதி கேட்டுத்தான் வந்தேன்.

தம்பிமாரே, இதில் நான் படித்தவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று: றோட்வேதி சேட்டிபிக்கற் கார் நல்லது என்பதற்குச் சாட்சி இல்லை. பிறேக், ரயர், ஸ்ரியறிங், லைற், சீற் பெல்ற், துரு இப்படித் தெருவில் ஓட்டப் பாதுகாப்பா என்று பார்ப்பார்கள். எஞ்சின் இன்னும் எத்தனை நாள் ஓடும், ஏசி வேலை செய்யுமா என்று பார்ப்பது அவர்கள் வேலை இல்லை. விற்பனைக்கு அந்தச் சேட்டிபிக்கற் 30 நாளுக்குத்தான் செல்லும்.

இரண்டு: காசு கொடுக்க முன்னம் பி.பி.எஸ்.ஆர். என்ற அரசாங்கப் பதிவேட்டில் பாருங்கோ. 2012இல் தொடங்கினது. அரசாங்கத்தின் சொந்த இணையத்தளத்தில் தேடினால் ஒரு சில டொலர்தான் செலவு. காரின் மேல் கடன் இருக்கிறதா, களவு போனதா, விபத்தில் கழித்துவிட்ட காரா என்று காட்டும். கடன் உள்ள காரை வாங்கினால், கடன் கொடுத்தவன் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பான்.

மூன்று: லைசென்ஸ் உள்ள வியாபாரியிடம் வாங்கினால் விக்ரோறியாச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. 10 வருடத்துக்கு உட்பட்ட, 160,000 கிலோமீற்றருக்குக் குறைய ஓடின காருக்கு 3 மாதம் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம் உண்டு. கையெழுத்து வைத்தாலும் மூன்று வேலை நாளுக்குள் மனம் மாறலாம், ஒரு சிறு தொகை பிடிப்பார்கள். காரை எடுத்துக்கொண்டு போனால் அந்த உரிமை போய்விடும். தனி ஆளிடம் வாங்கினால் இவை ஒன்றும் இல்லை. அந்த ஆள் எங்கள் ஊர் ஆளாக இருந்தாலும் இல்லை.

நான்கு: காரை எஞ்சின் குளிர்ந்திருக்கேக்க பாருங்கோ. போனவுடன் பொனற்றில் கை வையுங்கோ. சூடாக இருந்தால் ஏன் முதலே ஸ்ராட் பண்ணினீர்கள் என்று கேளுங்கோ. ஒயில் மூடியைத் திறந்து உட்பக்கம் பாருங்கோ. பால் கலந்த மாதிரி இருந்தால் திரும்பி வாருங்கோ. கிலோமீற்றர் குறைவாகக் காட்டி, பெடல் றப்பர் தேய்ந்து, ஸ்ரியறிங் வழுவழுப்பாக இருந்தால் சேர்விஸ் புத்தகத்தைக் கேளுங்கோ.

ஐந்தாவதுதான் முக்கியம். ஊரில் கார் பார்க்கப் போனால் ஒரு மெக்கானிக் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போவார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் காரை ஓட வைத்த கை அது. அவர் சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவார். விற்கிறவர் அதைக் குறையாக எடுக்க மாட்டார். இங்கே வந்த பிறகு அந்த ஆள் எங்களிடம் இல்லை. "எங்கட ஆள்தானே, எப்பிடிச் சோதிக்கிறது" என்று வெட்கப்படுகிறோம். என் நண்பனும் அப்படித்தான் வெட்கப்பட்டான். அந்த வெட்கத்தில் நான் ஒளிந்துகொண்டேன்.

கொம்பியூட்டர் சொன்ன 6,000 டொலர் பிழை இல்லை. அந்த ஆண்டுக் காருக்கு அந்த நேரம் அதுதான் விலை. ஆனால் அதற்கு றேடியேற்றரில் தண்ணி குறைவது தெரியாது, எனக்குத் தெரியும். ஆகவே கொம்பனி தொடங்கப் போகிற தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். விலை சொல்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நீங்கள் வாங்கிறவனோடு கூடப் போகிற ஆளாக இருங்கோ. விற்கிறவனிடம் ஒரு சதமும் வாங்காதேங்கோ. அவனிடம் எழுத்தில் ஒரு கேள்வி கேளுங்கோ: "இந்தக் காரில் உங்களுக்குத் தெரிந்த குறை என்ன?" என்னிடம் அப்படி ஒருவர் கடதாசி நீட்டியிருந்தால், என் கை பொய் எழுதியிராது என்றுதான் நம்புகிறேன்.

உங்கள் கொம்பனி தொடங்கும்வரை, கார் பார்க்கப் போகிற ஆருக்கும் கூட ஒரு ஆள் வேண்டுமென்றால் சனிக்கிழமைகளில் நான் வருகிறேன். காசு வேண்டாம், தேத்தண்ணி போதும். எங்கள் ஆறு பேரில் ஊரில் கராச்சில் வேலை பழகின ஒருவனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். சங்கத்தில் பெயரைக் கொடுத்தால் சரி.

வருகிற விடுமுறைக்கு அதே ஆறு பேரும் திரும்ப லேவர்ஸ் ஹில் ஏறப் போகிறோம். இந்த முறை நண்பன் தன்னுடைய புது வண்டியில் வருகிறான். வாங்க முன்னம் மெக்கானிக்குக்குக் காசு கட்டிச் சோதித்த வண்டி. சோதிக்கேக்க நானும் பக்கத்தில் நின்றேன்.

எல்லோருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.