நடுக்குவாதம் தலைவிதியா?



கை நடுங்கி, காலடி தரையோடு ஒட்டினாற்போல் நின்றுவிடும் நடுக்குவாதக்காரரைக் கண்டால் நம்மவர்கள் பூர்வஜென்ம பாவம் என்கிறார்கள். கிரக தோஷம் என்கிறார்கள். உடனே பரிகாரம், தட்சணை! தட்சணை வாங்கினவர் நடந்து போய்விடுகிறார். நோயாளிதான் நடக்கக் காணோம்.

1817-ல் லண்டன் வைத்தியர் பார்க்கின்சன் இந்நோயை விவரித்து எழுதினார். காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. அதற்காகத் தலைவிதி என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. 1960-ல் வியன்னா நகரத்தில், இறந்துபோன நோயாளிகளின் மூளையைச் சோதித்தார்கள். டோபமின் என்கின்ற சத்து அதில் மிகவும் குறைந்திருந்தது. 1961-ல், உடம்புக்குள் டோபமினாக மாறக்கூடிய லெவோடோபாவை ஊசியால் ஏற்றினார்கள். உட்கார மாட்டாதவர் உட்கார்ந்தார். நின்ற இடத்தில் விறைத்தவர் நடந்தார். எந்தச் சாமியும் வரவில்லை! ஆனால் பலன் சில மணி நேரந்தான். 1967-ல் அமெரிக்காவில் கோட்சியாஸ் என்பவர் டோபாவைச் சிறுகச் சிறுக அளவு கூட்டி வாய்வழியே கொடுத்து, பலனை நீடிக்கச் செய்தார்.

நம் பூனைக்காலி விதையிலும் இச்சரக்கு உண்டு. "எல்லாம் ரிஷிகள் கண்டதே" என்று கிளம்புவோருக்குச் சொல்வேன்: அளந்து கொடுத்தால்தான் மருந்து.

டாக்டர் மாத்திரையும் சஞ்சீவியல்ல. நோயை அது வேரறுப்பதில்லை. நாளடைவில், அடுத்த வேளைக்கு முன்பே பலன் தேய்ந்து கால் மறுபடி ஒட்டும். அப்பொழுது கோபித்துக்கொண்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. வேளையையும் அளவையும் டாக்டர்தான் மாற்றித் தரவேண்டும். மருந்துக்கும் அசையாத கால், தரையில் கோடு கிழித்துத் தாண்டச் சொன்னால் பலருக்குப் பெயர்கிறது. அதை மந்திரக் கோடு என்று எவராவது காசு கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்!