உங்கள் பெயரில் ஒரு கணக்கு



வெளிநாட்டிலிருந்து இலண்டனுக்குப் புதிதாக வருவோர் வங்கிக் கணக்குத் திறப்பது எப்படி என்று பேசுமாறு என்னைப் பணித்துள்ளார்கள். இதற்கென ஓர் உரை வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். இந்த நகரத்துப் பேருந்துகள் 2014ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் முதல் காசு வாங்குவதில்லை. சம்பளம், வீட்டு வாடகை, கவுன்சில் வரி, தொலைபேசிக் கட்டணம் அனைத்தும் பெரும்பாலும் வங்கிக் கணக்கின் வழியாகவே நடைபெறுகின்றன. கணக்கு இல்லாதவர் இங்கு ஒவ்வொரு தேவைக்கும் இன்னொருவர் கையை எதிர்பார்த்து வாழ வேண்டியிருக்கிறது. ஆகவே எப்படித் திறப்பது என்பதோடு, அந்தக் கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது என்பதையும் இன்று பேச விரும்புகின்றேன்.

முதலில், வருவோரை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளைப் பார்க்க வருகையாளர் வீசாவில், வழக்கமாக ஆறு மாதம் வரை தங்க வரும் பெற்றோர் ஒரு வகை. மாணவராகவோ, தொழில் வீசாவிலோ, வாழ்க்கைத்துணையாகவோ, அகதி நிலை பெற்றோ இங்கு வசிக்க வந்தவர்கள் மற்றொரு வகை. இவ்விரு வகையினருக்கும் சட்டம் ஒன்றல்ல. இதை அறியாமல் வங்கிக்கு அலைந்து மனம் நொந்து திரும்புவோர் பலர்.

வருகையாளராக வந்தவருக்கு இங்குள்ள வங்கிகள் பொதுவாகக் கணக்குத் திறப்பதில்லை. இந்நாட்டில் வசிப்பவர்களுக்கே கணக்கு என்பது அவற்றின் விதி. நம் பெற்றோருக்கு அது பெரிய இழப்பும் அன்று. ஊரிலுள்ள வங்கியில் வெளிநாட்டில் பயன்படும் அட்டை ஒன்றைப் பெற்று வந்தால் போதும். பேருந்திலும் சுரங்க இரயிலிலும் அதைத் தொட்டே பயணிக்கலாம். அந்த அட்டைக்கு வெளிநாட்டுக் கட்டணம் எவ்வளவு என்பதைப் புறப்படுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். "அம்மா இங்கேதான் நிரந்தரமாக இருக்கிறார்" என்று விண்ணப்பத்தில் எழுதிவிடலாமே என யாராவது யோசனை சொன்னால் அதற்கு இணங்காதீர்கள். தெரிந்தே பொய்த் தகவல் தருவது 2006ஆம் ஆண்டின் மோசடிச் சட்டத்தின்கீழ் குற்றமாகும். அதன் விளைவு அம்மாவின் அடுத்த வீசா விண்ணப்பத்தையும் பாதிக்கலாம்.

இனி, இங்கு வசிக்க வந்தவர்கள். வங்கி இவர்களிடம் கேட்பது அடிப்படையில் இரண்டே கேள்விகள்: நீங்கள் யார்? எங்கே வசிக்கிறீர்கள்? பணச்சலவைத் தடுப்பு விதிகள், 2017ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்ட வடிவில், இதை வங்கிகளின் கடமையாக்கியுள்ளன. நம் முன்னோருக்கும் இது புதிய செய்தி அன்று. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் செய்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் ஆளை அறிந்தே பணம் கொடுத்தார்கள். அந்த மரபில் வந்த மு.சி.த.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பெப்ரவரியில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நாளில் தொடங்கினார். அன்று ஆளை அறிமுகம் செய்ய ஊரும் உறவும் இருந்தன. இங்கே நம்மை அறிமுகம் செய்வது காகிதமே.

முதல் கேள்விக்கு விடை எளிது. கடவுச்சீட்டும் வதிவிட அனுமதிக்கான சான்றும் போதும். முன்பு வழங்கப்பட்ட வதிவிட அட்டைகள் 2024 டிசம்பர் 31உடன் பெரும்பாலும் காலாவதியாகிவிட்டன. இப்போது மின்வீசாவே நடைமுறை. உங்கள் இணையக் கணக்கினுள் சென்று, ஷேர் கோட் எனப்படும் பகிர்வுக் குறியீட்டைப் பெற்று வங்கிக்குத் தரலாம். அது 90 நாட்கள் செல்லும். தேசியக் காப்புறுதி இலக்கம் வராமல் கணக்குத் திறக்க முடியாது என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. அது சரியன்று. நடைமுறைக் கணக்குத் திறக்க அந்த இலக்கம் தேவையில்லை.

இங்கே கணினித் துறையைச் சேர்ந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் பெயர்கள் இந்நாட்டு விண்ணப்பப் படிவங்களுக்குள் எளிதில் அடங்குவதில்லை. ஒருவர் தந்தையின் பெயரை முன்னே எழுதுகிறார், இன்னொருவர் பின்னே எழுதுகிறார், வேறொருவர் முதலெழுத்தை மட்டும் இடுகிறார். கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் என்ற இடமே வெறுமையாக உள்ளவர்களும் உண்டு. கணினிக்கு உறவுமுறை தெரியாது. அது எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாவிட்டால் தள்ளிவிடும். ஆதலால் கடவுச்சீட்டில் உள்ளவாறே, அதே வரிசையில், அதே எழுத்துகளில், எல்லா இடங்களிலும் பெயரைப் பதியுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் ஒரு பெயரும் வேலையிடத்தில் வேறொரு பெயருமாக இருந்தால் இடர் பின்னால் வந்தே தீரும்.

இரண்டாவது கேள்விதான் நம்மவரைத் தடுக்கிறது. புதிதாக வந்தவர் ஈஸ்ட் ஹாமிலோ வெம்பிளியிலோ டூட்டிங்கிலோ உறவினர் வீட்டில் ஓர் அறையில் தங்குகிறார். மின்கட்டணம் மாமாவின் பெயரில், வாடகை ஒப்பந்தம் வேறொருவர் பெயரில். அவர் அங்கு வசிக்கிறார் என்பதற்கு எழுத்தில் எந்தச் சான்றும் இல்லை. இதற்கு என்ன செய்யலாம்? மாணவர்கள் தம் பல்கலைக்கழகத்தில் வங்கிக்கான கடிதம் கேட்டுப் பெறலாம். வேலை செய்பவர் முதலாளியிடம் கடிதம் கேட்கலாம். வாடகைக்கு இருப்பவர் ஒப்பந்தத்தில் தம் பெயரையும் சேர்க்கச் சொல்லலாம். குறைந்தது 185 நாட்கள் இந்நாட்டில் வாழ அனுமதி உள்ளவர் பயிலுநர் சாரதி அனுமதிப்பத்திரத்திற்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 34 பவுண். அதில் உங்கள் படமும் முகவரியும் உள்ளதால், கார் ஓட்டாதவருக்கும் அது பயன்படும். ஒவ்வொரு வங்கியும் ஏற்கும் பத்திரங்களின் பட்டியல் வேறுபடும். ஒரு வங்கி மறுத்தால் அத்துடன் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம்.

மொன்சோ, ஸ்டார்லிங் போன்ற கைத்தொலைபேசி வங்கிகள் கடவுச்சீட்டின் படத்தையும் முகத்தின் ஒளிப்பதிவையும் கொண்டே பலருக்குக் கணக்குத் திறக்கின்றன. அவை உரிமம் பெற்ற வங்கிகளே. ஆனால் வைஸ் போன்றவை மின்பண நிறுவனங்கள். உரிமம் பெற்ற வங்கி வீழ்ந்தால் ஒருவருக்கு 120,000 பவுண் வரை இழப்பீட்டுத் திட்டம் காக்கும். 2025 டிசம்பர் 1க்கு முன்னர் இந்த வரம்பு 85,000 பவுணாக இருந்தது. மின்பண நிறுவனத்தில் உள்ள பணம் தனியே ஒதுக்கி வைக்கப்படுமேயன்றி, இந்த இழப்பீட்டுக்குள் வராது. பணம் அனுப்ப அவை வசதியானவை. சேமிப்பை வைக்கும் இடம் வேறாக இருக்கட்டும்.

இப்போது உரிமை பற்றிச் சொல்கிறேன். 2015ஆம் ஆண்டின் கொடுப்பனவுக் கணக்கு விதிகள் 2016 செப்டெம்பர் முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. இவற்றின்படி, இந்நாட்டில் சட்டப்படி வசிக்கும் ஒருவருக்கு வேறு நடைமுறைக் கணக்கு இல்லையெனில், குறிப்பிட்ட பெரிய வங்கிகள் அவருக்கு அடிப்படைக் கணக்கு ஒன்றைத் திறந்து கொடுக்க வேண்டும். பார்க்லேஸ், லொயிட்ஸ், எச்.எஸ்.பி.சி., நாட்வெஸ்ட், சன்டான்டர், நேஷன்வைட் ஆகியவை அவற்றுள் அடங்கும். இக்கணக்கிற்கு மாதக் கட்டணம் இல்லை. கடன் வசதி இராது. ஆனால் அட்டையும், சம்பளம் பெறும் வசதியும், கட்டணங்களைத் தானாகச் செலுத்தும் வசதியும் உண்டு. வங்கிக் கிளையில் இதைத் தாமாகச் சொல்லாமல் விடலாம். "அடிப்படைக் கணக்கு வேண்டும்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். முழுமையான விண்ணப்பம் கிடைத்த பத்து வேலைநாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால், சட்டம் தடுக்கும் சில காரணங்கள் நீங்கலாக, எழுத்தில் காரணம் தர வேண்டும்.

மறுப்பு நியாயமற்றது என்று தோன்றினால் வங்கியிடமே முதலில் முறைப்பாடு செய்யுங்கள். எட்டு வாரங்களுக்குள் தீர்வு கிடைக்காவிட்டாலோ, கிடைத்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, பினான்சியல் ஒம்புட்ஸ்மன் எனும் குறைகேள் அமைப்பிடம் செல்லலாம். கட்டணம் எதுவும் இல்லை. வங்கியின் இறுதிப் பதில் வந்ததிலிருந்து ஆறு மாதங்களுக்குள் செல்ல வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. 2014ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம், தங்கும் அனுமதி இல்லாதவர் என உள்துறை அமைச்சு பட்டியலிட்டவர்களுக்கு நடைமுறைக் கணக்குத் திறப்பதைத் தடை செய்கிறது. பட்டியல்கள் தவறக்கூடும் என்பதை 2018இல் வெளியான விண்ட்ரஷ் விவகாரம் நாட்டுக்கே உணர்த்தியது. பல்லாண்டு சட்டப்படி வாழ்ந்தவர்களே அன்று அந்நியராக நடத்தப்பட்டார்கள். உங்கள் அனுமதி சரியாக இருந்தும் வங்கி கதவடைத்தால், பேசாமல் திரும்பிவிடாமல் தகுதி பெற்ற குடிவரவுச் சட்ட ஆலோசகரை நாடுங்கள்.

அன்பர்களே, இனி நான் சொல்லப்போவதே இன்றைய பேச்சின் மையம். கணக்குத் திறப்பது கடினமாக இருக்கும்போது நம் சமூகம் ஒரு குறுக்குவழியைக் கைக்கொள்கிறது. "இப்போதைக்கு என் கணக்கைப் பாவி" என்று ஒருவர் மற்றவருக்கு உதவுகிறார். உதவும் எண்ணம் நல்லதே. ஆனால் அதன் முடிவைப் பாருங்கள். சம்பளம் இன்னொருவர் கணக்கில் விழும் இளைஞர், தாம் வேலை செய்ததையே பின்னர் நிரூபிக்க முடியாமல் நிற்கிறார். வாழ்க்கைத்துணையாக வந்து, கணவரின் கணக்கிலேயே எல்லாம் நடக்க, பத்து ஆண்டுகள் உழைத்தும் தம் பெயரில் ஒரு பவுண் கூட இல்லாத சகோதரிகள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒருவரின் பணத்தைத் தடுத்து அவரைக் கட்டுப்படுத்துவதை 2021ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் வன்முறையின் ஒரு வடிவமாகவே வரையறுக்கிறது. வீட்டில் அன்பு இருக்கும்போதே மனைவி பெயரில் ஒரு கணக்கைத் திறந்துவிடுவது நம்பிக்கையின்மை அன்று. அது அவருக்குரிய மரியாதை. நாளை கணவருக்கு ஏதேனும் நேர்ந்தால், குடும்பத்தைத் தாங்கி நிற்கப்போவதும் அந்தக் கணக்கே.

இளையோரே, உங்களுக்கு இன்னொரு வடிவில் இதே ஆபத்து வருகிறது. "உன் கணக்கில் 2,000 பவுண் வரும், அதை நான் சொல்லும் இடத்துக்கு அனுப்பு, 200 பவுண் உனக்கு" என்று சமூக வலைத்தளத்தில் ஒருவர் கேட்பார். படிப்பு முடிந்து ஊர் திரும்பும் மாணவரிடம், "கணக்கை மூடாதே, அட்டையைத் தா, விலை தருகிறேன்" என்பார். அந்தப் பணம் ஏமாற்றப்பட்ட ஒரு முதியவரின் சேமிப்பாக இருக்கக்கூடும். இதற்கு உடன்படுவது பணச்சலவையாகும். 2002ஆம் ஆண்டின் குற்ற வருவாய்ச் சட்டப்படி இதற்கு 14 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. வழக்கு வராவிட்டாலும், சிஃபாஸ் எனும் மோசடித் தடுப்பு அமைப்பின் பதிவேட்டில் உங்கள் பெயர் ஆறு ஆண்டுகள் வரை இருக்கலாம். அதுவரை கணக்கும் கடனும் கைத்தொலைபேசி ஒப்பந்தமும் கூடக் கடினமாகிவிடும். ஊர் திரும்புவோர் கணக்கை முறைப்படி மூடிவிட்டுச் செல்லுங்கள்.

ஊருக்குப் பணம் அனுப்புவதிலும் இதே கவனம் வேண்டும். உண்டியல் வேகமானது, நம்பிக்கையானது என்பார்கள். பதிவில்லாத ஒருவர் பணத்துடன் மறைந்தால், நீங்கள் முறையிட ஓர் இடம் இராது. பணம் அனுப்பும் நிறுவனம் அனுமதி பெற்றதா என்பதை எஃப்.சி.ஏ. எனும் நிதி நடத்தை ஆணையத்தின் பதிவேட்டில் எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பின்னொரு நாள் வீடு வாங்கவோ வீசாவுக்கு விண்ணப்பிக்கவோ நேரும்போது, பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று கேட்பார்கள்.

நிறைவாக, இரண்டு வேண்டுகோள்கள். இங்கு வேரூன்றிய குடும்பங்களுக்கு ஒன்று: உங்கள் வீட்டுக்குப் புதிதாக வருபவருக்கு உங்கள் அட்டையைக் கொடுப்பதைவிட, அவர் பெயரில் ஒரு கடிதம் வர வழி செய்யுங்கள். இளையோருக்கு மற்றொன்று: ஆங்கிலமும் இணையமும் உங்களுக்கு இயல்பானவை. இந்த வாரம் ஒரு மணிநேரம் ஒதுக்கி, ஒரு சித்தியோடோ புதிதாக வந்த ஓர் அண்ணாவோடோ அமர்ந்து அந்த விண்ணப்பத்தை நிரப்ப உதவுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அவர்களே தெரிவு செய்யட்டும். அதை நீங்கள் பார்க்கவும் வேண்டாம், எழுதி வைக்கவும் வேண்டாம். கணக்கு அவர்களுடையது.