அம்மாகிட்ட சொல்லாத மலை

எம்.கே.பி. நகர் மொட்டை மாடியிலிருந்து பேசுறேன். இங்கிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் வாட்டர் டேங்க்தான். அதனாலயோ என்னவோ, எனக்கு மலைன்னா பைத்தியம்.

2023-ல ஒரு திட்டம் போட்டேன். தேனி மாவட்டம் குரங்கணிக்கு மேல, பாதையை விட்டு விலகி, மலைமுகட்டுல தனியா நடக்கணும். காப்புக்காட்டுல அனுமதி இல்லாம நுழையறதே குற்றம்னு தெரியும். இருந்தும் போன்ல மேப் இறக்கியாச்சு. வீட்ல 'ஆபீஸ் ட்ரிப்'னு சொல்லியாச்சு.

முந்தின ராத்திரி, 2018 மார்ச் 11 பத்திப் படிச்சேன். கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கினவங்களைக் காட்டுத்தீ சூழ்ந்துச்சு. 23 பேர் இறந்தாங்க. சரிவுல தீ மேல்நோக்கித்தான் வேகமா ஓடும். மேல இருக்கிற புல்லை அனல் முன்னாடியே காய வச்சிடும். எந்த மேப்லயும் இது தெரியாது.

அவங்க கூட்டமா போனவங்க. தகவல் வெளிய வந்துச்சு, ஊர்க்காரங்க ஓடினாங்க, ஹெலிகாப்டர் வந்துச்சு. எனக்கு? நான் தேனியில இருக்கேன்னே யாருக்கும் தெரியாது. அம்மா ஆபீஸுக்குத்தான் போன் பண்ணியிருப்பாங்க.

பையைப் பிரிச்சு வச்சுட்டேன்.

2024 அக்டோபர்ல அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' ஆரம்பிச்சுது. 40 பாதைகள், கூடவே பயிற்சி பெற்ற வழிகாட்டி. காட்டுத்தீ சீசன்ல மூடிடுவாங்க. தனிமை கொஞ்சம் குறையும்தான், பரவாயில்ல.

இந்த முறை அம்மாகிட்ட உண்மையைச் சொன்னேன். "மலையில அப்படி என்னடா இருக்கு?"ன்னாங்க.

"வந்து சொல்றேன்மா."

வந்து சொல்லவும் செஞ்சேன்.