எரிந்த காட்டினூடே ஒரு மலைவழி

(எமது சங்க மண்டபத்தில் நிகழ்ந்த சொற்பொழிவு)



மலையேற்றத்தைப் பற்றிப் பேசுமாறு காரியதரிசி பணித்தார். மலையைக் காட்டிலும் அதற்கு ஏறும் வழியிலுள்ள எரிந்த காடே எமது மனத்தில் நிற்கின்றமையால், அதனையே சொல்லத் துணிந்தோம்.

ஐக்கிய அமெரிக்காவின் மொன்டானா மாகாணத்திலே, கனடாவின் எல்லையை அடுத்து, கிளேசியர் தேசியப் பூங்கா என்னும் பெருவனம் உண்டு. அங்கே மக்டொனால்ட் ஏரிக்கரையிலிருந்து ஸ்பெரி விடுதிக்கு ஏறும் பாதை ஆறு மைலுக்குச் சற்று மேற்பட்டது. ஏற்றமோ மூவாயிரம் அடிக்கு மேல். மோட்டார் வண்டி செல்லாது. கோவேறு கழுதைகளே சாமான் சுமக்கின்றன. 1913, 1914ஆம் ஆண்டுகளில் ஒரு புகையிரதக் கம்பனியார் மலைக்கல்லால் கட்டிய விடுதி அது.

2017 ஓகஸ்ட் 10ஆந் திகதி மின்னலால் அக்காட்டிலே தீ மூண்டது. ஏறக்குறைய 17,000 ஏக்கர் எரிந்தது. தீயணைப்போர் விடுதியைச் சுற்றி நீர்க்குழாய்களுடன் காத்து நின்றனர். ஆயினும் 31ஆந் திகதி மாலை, காற்றில் வந்த தணற்பொறி கூரை இறவாரத்தினுள்ளே புகுந்துகொண்டது. கூரையும் உள்ளிருந்த மரவேலை முழுவதும் ஒழிந்தன; கற்சுவர்கள் மாத்திரம் எஞ்சின. பனிக்காலம் அவற்றையும் சாய்த்துவிடும் என்றஞ்சி, பனி விழுமுன் மரங்கொண்டு முட்டுக் கொடுத்தார்கள். 2018, 2019 கோடைகளில் அதே சுவர்களுக்குள் மீண்டுங் கட்டி, 2020இல் திறந்தார்கள்.

2022ஆம் ஆண்டுக் கோடையில், கல்கரி நகரில் வதியும் எமது மருமகனுடன் அவ்வழியே சென்றோம். கீழே ஏரிக்கரையில் தேவதாரு இனத்து மரங்கள் அடர்ந்து, நண்பகலும் மாலைபோல் இருந்தது. கரடி உலாவும் இடமாதலால் உரக்கப் பேசிக்கொண்டே நடத்தல் வேண்டும். அது எமக்குக் கடினமன்று! மேலே ஏற, திடீரென வானம் திறந்தது. இலையற்ற, பட்டையுரிந்த மரங்கள் சாம்பல் நிறக் கம்பங்களாய் மலைச்சரிவெங்கும் நின்றன. நிழலென்பது மருந்துக்கும் இல்லை. தரையிலோ செவ்வூதாப் பூக்கள் இடுப்பளவுக்கு மண்டிக் கிடந்தன. தீக்குப் பின் முதலில் வரும் செடி அது.

அப்பிரதேசத்துப் பைன் மரமொன்றின் காய்கள் பிசினால் இறுக மூடியிருக்கும். தீயின் வெம்மை பட்டாற்றான் வாய் திறந்து வித்தைச் சிந்தும். லார்ச் மரமோ தடித்த பட்டையால் சிலபோது தப்பிவிடும். ஆனால் உயரத்திலுள்ள ஸ்புரூஸ், பேர் மரங்களுக்கு இவ்விரண்டும் இல்லை. எரியாத பக்கத்திலிருந்து வித்து வந்து விழ வேண்டும். ஆகவே மேற்சரிவு நெடுங்காலம் வெறுமையாயிருக்கும். "காடு தீயால் புத்துயிர் பெறும்" என்று மேடையில் ஒரேயடியாகச் சொல்வோர் இதனையும் அறிதல் நன்று.

இனி எமது பிழையைச் சொல்லுகின்றோம். பட்டமரங்கள் முன்னறிவிப்பின்றி விழும், அவற்றின் கீழ்த் தங்காதீர் என்பது அங்கே நடப்போர்க்குச் சொல்லப்படும் எச்சரிக்கை. அதனை வாசித்தோம், மருமகனுக்கு மொழிபெயர்த்தும் காட்டினோம். அவருக்கு ஆங்கிலம் எம்மினும் நன்றாக வரும் என்பது வேறு விடயம். இரண்டு மணி நேரம் ஏறியபின் கால் சோர, ஒரு கரிய அடிமரத்தில் முதுகு சாய்த்து உணவுப் பொட்டலத்தை அவிழ்த்தோம்.

"மாமா, இதிலை இருக்கக் கூடாது. எழும்புங்கோ!"

"காற்றே இல்லையே, தம்பி" என்றோம்.

அவர் விடவில்லை. பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு முன்னே நடந்தார். சினத்தோடு பின்தொடர்ந்தோம். நூறு அடி சென்றிருப்போம். பின்னால் துப்பாக்கி வெடித்தாற்போல ஓரோசை. திரும்பினோம். யாம் சாய்ந்திருந்த மரமன்று, அதற்கு அடுத்தது, பாதைக்குக் குறுக்கே கிடந்தது. கரித்தூள் மெல்ல மேலெழுந்தது. வேர்கள் மண்ணினுள்ளே ஐந்து வருடமாய் உக்கியிருந்தால் காற்று எதற்கு?

அன்றிரவு விடுதியில் இருவரும் அதைப்பற்றிப் பேசவில்லை.

மறுநாள் இறங்கும்போது, பாதை செப்பனிடுவோர் இருவர் அம்மரத்தை வாளால் அறுத்து, நடுத்துண்டை உருட்டிவிட்டிருந்தார்கள். மருமகன் வெட்டுமுகத்தண்டை குந்தி வயது வளையங்களை எண்ணத் தொடங்கினார். நாற்பது வரை எண்ணியிருப்பார். யாம் மேலே நின்ற மரங்களைப் பார்த்தோம். "தம்பி, எழும்பும், போவம்" என்றோம்.