மாடித் தோட்டமும் வீட்டுக் கடனும்



ரூ.20 லட்சம் வீட்டுக் கடன், 8.5% வட்டி, 20 வருஷம். மாதத் தவணை சுமார் ரூ.17,350. முதல் மாசத் தவணையில வட்டிக்கே ரூ.14,167 போயிடும், அசலில் குறைவது மூவாயிரத்துச் சொச்சம்தான்!

இதே கடனுக்கு முதல் மாசத்திலிருந்தே ரூ.1,000 கூடுதலாக அசலில் கட்டினால்? சுமார் இரண்டரை வருஷம் முன்பே கடன் முடியும். வட்டியில் ரூ.3 லட்சத்துக்கு மேல் மிச்சம்.

அந்த ஆயிரத்துக்காக வாயைக் கட்டி, வயிற்றைக் கட்ட வேண்டாம். மொட்டை மாடியில் நாலு பையில் கீரை, வெண்டை, தக்காளி போடுங்க. காய்கறித் தோலே உரம். முளைக்கீரை ஒரே மாசத்துக்குள் குழம்புச் சட்டிக்கு வந்துடும். மாசத்தில் இரண்டு ஹோட்டல் சாப்பாட்டையும் குறைச்சா, ஆயிரம் தேறிடும்.

தனிநபரின் ஃப்ளோட்டிங் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே கட்ட அபராதம் கிடையாது. இது ரிசர்வ் வங்கி விதி. "தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று வங்கியில் எழுதிக் கொடுங்க.

கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்கள் உங்கள் கைக்கு வரணும். வங்கியால் தாமதமானால், நாளொன்றுக்கு ரூ.5,000 இழப்பீடு உண்டு. பிறகு, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்து, அடமானம் ரத்தானது பதிவாகியிருக்கிறதா என்று செல்போனிலேயே பார்த்துடுங்க. அப்போதான் வீடு முழுசா உங்களுது!