முகக்கவசமும் மூச்சும்



2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள் மாலை. கோவிட் பெருந்தொற்றுக்கு அஞ்சி யாவரும் முகக்கவசம் அணிந்து நடமாடிய காலம் அது. எங்கள் தெருவை அடுத்த மைதானத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் முகக்கவசத்துடன் ஓடிக்கொண்டிருந்தான். நான்காம் சுற்றில் நின்றுவிட்டான். கவசத்தைக் கழற்றாமலேயே என்னிடம் வந்து, “ஐயா, இதற்குள் பிராண வாயுவே இல்லை” என்று மூச்சிரைக்கச் சொன்னான். என்னிடமிருந்த ஆக்சிமீட்டரை அவன் விரலில் மாட்டினேன். அது 98 என்று காட்டிற்று. “பார், உன் இரத்தத்தில் பிராண வாயு நிறைந்திருக்கிறது. வீண் பயம் எதற்கு? போய் ஓடு” என்றேன். அவன் ஓடவில்லை. முகம் வாடி வீட்டுக்குப் போய்விட்டான்.

கருவி பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பையனும் பொய் சொல்லவில்லை. இரண்டும் ஒருங்கே உண்மையாக இருத்தல் கூடும் என்பதைப் பல்லாண்டுகள் ஆசிரியனாக இருந்த நான் அன்று மறந்தேன். அது எவ்வாறு கூடும் என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் மூச்சின் கணக்கைப் பார்ப்போம். அமைதியாக அமர்ந்திருக்கும்போது நாம் ஒரு முறை இழுக்கும் காற்று ஏறத்தாழ அரை லிட்டர். நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று நுரையீரலுக்குள் போய்வருகிறது. கடுமையாக ஓடும்போதோ, பயிற்சி பெற்ற இளைஞரிடம் இது 100 லிட்டரையும் தாண்டும். உள்ளே செல்லும் காற்றில் பிராண வாயு நூற்றுக்கு 21 பங்கு. வெளிவரும் காற்றில் ஏறத்தாழ 16 பங்கு. எனவே, நாம் வெளிவிடும் காற்றிலும் பிராண வாயு நிரம்பவே எஞ்சியிருக்கிறது.

முகக்கவசத்தின் இழைகளைக் கடந்து பிராண வாயு உள்ளே வர இயலாது என்று பலர் அஞ்சினர். கோவிட் நுண்கிருமியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பிராண வாயுவின் மூலக்கூறு அதனினும் சில நூறு மடங்கு சிறியது. துணியின் இடைவெளிகள் அதற்கு அகன்ற வாயில்கள். கரியமில வாயுவும் அவ்வழியே தடையின்றி வெளியேறும்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2020-இல் கனடா நாட்டின் சஸ்காட்செவான் பல்கலைக்கழகத்தில், நல்ல உடல்நலம் உடைய 14 பேரை நிலைமிதிவண்டியில் களைத்து ஓயும்வரை மிதிக்கச் செய்தனர். கவசமின்றி ஒரு முறை, துணிக் கவசத்துடன் ஒரு முறை, மருத்துவக் கவசத்துடன் ஒரு முறை எனச் சோதித்தனர். இரத்தத்தில் பிராண வாயுவின் அளவிலோ, அவர்கள் தாக்குப்பிடித்த நேரத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

ஆனால் அதே ஆண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 12 ஆடவரைக் கொண்டு நடத்திய சோதனையில் வேறொன்று தெரிந்தது. என்-95 வகையை ஒத்த இறுக்கமான கவசம் அணிந்தபோது, உச்ச உழைப்பின்போது மூச்சின் அளவு குறைந்தது. உழைப்புத் திறனும் குறைந்தது. உடல் வருத்தமும் மிகுந்தது. இவ்விரு சோதனைகளும் ஒன்றையொன்று பொய்யாக்குவனவா? அல்ல. இரண்டிலும் ஆட்கள் சிலரே. கவசங்களும் முழுதும் ஒரே வகையல்ல. எந்தக் கவசம், எவ்வளவு கடுமையான உழைப்பு என்று கேளாமல் ‘முகக்கவசம் தீது’ என்றோ ‘தீதன்று’ என்றோ தீர்ப்புச் சொல்வது பொருந்தாது.

அப்படியானால் அந்த மாணவனுக்கு ஏன் மூச்சு முட்டிற்று? காரணங்கள் மூன்று. முதலாவது, தடை. காற்றின் வேகம் கூடக்கூடக் கவசம் தரும் தடையும் கூடுகிறது. உதரவிதானமும் விலா எலும்புகளுக்கு இடையேயுள்ள தசைகளும் முன்னைவிடக் கடுமையாக இழுக்க வேண்டியிருக்கிறது. செலவிட்ட முயற்சிக்கு ஏற்ற காற்று வரவில்லை என்று மூளை உணரும்போது, அவ்வுணர்வே மூச்சுத் திணறலாகத் தோன்றுகிறது. இரண்டாவது, வெளிவிட்ட மூச்சில் ஒரு சிறு பங்கு கவசத்துக்குள் தங்கி மறுபடியும் உள்ளே செல்லுதல். மூச்சின் வேகத்தைப் பெரிதும் ஆள்வது கரியமில வாயுவே என்பதை ஹால்டேன், பிரீஸ்ட்லி என்னும் இரு அறிஞர்கள் 1905-இல் மெய்ப்பித்தனர். அது சிறிதளவு ஏறினாலும் உடல் மேலும் மூச்சு விடத் தூண்டப்படுகிறது. மூன்றாவது, வெப்பமும் ஈரமும். முகத்தின் தோல் வெப்பத்தை நுட்பமாக உணர வல்லது. வியர்வையால் நனைந்த கவசம் தடையை இன்னும் பெருக்குகிறது.

ஆகவே, அவனுடைய இரத்தத்தில் குறைவில்லை. ஆனால் அவனுடைய உழைப்பு மெய்யாகவே கூடியிருந்தது. ஆக்சிமீட்டர் இரத்தத்தை அளந்ததே தவிர, மூச்சுத் தசைகளின் பாட்டை அளக்கவில்லை. ஓர் அளவுகோல் எதை அளக்கிறது என்று கேட்பதோடு, எதை அளக்கவில்லை என்றும் கேட்க வேண்டும். நான் முதற் கேள்வியோடு நின்றுவிட்டேன்.

உலக சுகாதார நிறுவனமும், உடற்பயிற்சியின்போது முகக்கவசம் அணிய வேண்டாம், பிறரிடமிருந்து ஒரு மீட்டராவது விலகியிருங்கள் என்றே 2020-இல் அறிவுறுத்தியது. கவசம் நனைந்துவிடும் என்பதும் அதற்குச் சொன்ன காரணங்களுள் ஒன்று. புழுதியின் பொருட்டோ நோயின் பொருட்டோ கவசம் அணிந்து பயில நேர்ந்தால், ஓட்டத்தைக் குறைத்து நடையாக்குங்கள், நனைந்ததை மாற்றுங்கள். தலைச்சுற்றலோ மார்பு வலியோ தோன்றினால் உடனே நிறுத்துங்கள். ஆஸ்துமாவோ இதய நோயோ உடையவர்கள் மருத்துவரைக் கேட்காமல் முயல வேண்டா.

மறுநாள் அந்த மாணவனின் வீட்டுக்குச் சென்றேன். “தம்பி, நீ சொன்னதில் பாதி சரி, நான் சொன்னதிலும் பாதிதான் சரி” என்றேன். விடியற்காலையில் மைதானத்தில் ஆள் நடமாட்டம் இராது. அப்போது கவசத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓடு, பிறர் வரும்போது அணிந்துகொள் என்று சொல்லித் தந்தேன். அதற்கு அடுத்த நாள் அவன் ஆறு சுற்றுகள் ஓடினான். சுற்றுகளை எண்ணுவது மட்டுமே அன்று என் வேலையாயிற்று.